வாட்ச் விற்கப் போறீங்களா? கோவலன் மாதிரி போகாதீங்க!

"வெளி ஆளை நம்பாத தம்பி. தெரிஞ்ச ஆளு யாருக்காவது குடுத்துரு."

விலையுள்ள பொருள் எதையாவது விற்கணும்னு மதுரையில் வாயைத் திறந்தால் போதும், இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். டீக்கடை அண்ணனும் இதைத்தான் சொல்வார், காலேஜ் வாத்தியாரும் இதைத்தான் சொல்வார். பைக், லேப்டாப், வீணை எதுவானாலும் இதே பதில்தான். விலை கூடின கைக்கடிகாரம்னா இன்னும் குரலைத் தாழ்த்திச் சொல்வாய்ங்க.

இது மோசமான அறிவுரை. ஏன்னு விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

இந்த அறிவுரை ரெண்டு பயத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்குது. ஒண்ணு, வாங்குறவன் பொருளைத் தூக்கிட்டு ஓடிருவான். ரெண்டு, கள்ளநோட்டைக் குடுத்துருவான். மூணாவதா ஒரு ஆபத்து இருக்கு, அதை யாரும் பேசுறதில்லை. விற்கப் போன உங்களையே திருடன்னு நினைச்சிருவாய்ங்க. பணக்கார வீட்டுப் பையனுக்கு இந்தப் பிரச்சினை வராது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, ரப்பர் செருப்போட நின்னுக்கிட்டு, பையிலிருந்து ரெண்டு லட்ச ரூபாய் வாட்ச்சை எடுக்கிறவனுக்குத்தான் வரும்.

மதுரையின் முதல் கேஸ்

மதுரையில் விலையுள்ள பொருளை விற்கப் போய் மாட்டின முதல் ஆள் யாரு? ஸ்கூல் பையன்கூட சொல்லிருவான், கோவலன்னு. நாம அந்தக் கதையை விதி, கற்பு, அரசநீதின்னு படிச்சுப் பழகிட்டோம். ஒருதடவை வெறும் வியாபாரமா மட்டும் படிச்சுப் பாருங்க.

வெளியூர்க்காரன். கையில் காசில்லை. பொண்டாட்டியை மாதரி வீட்ல விட்டுட்டு, ஒத்தைச் சிலம்பை எடுத்துக்கிட்டுத் தனியா ஊருக்குள்ள வர்றான். வீதியில் நூறு கொல்லர்கள் பின்னால் வர, பகட்டா வந்த ஒரு பொற்கொல்லனைப் பார்க்கிறான். பெரிய ஆள் மாதிரி தெரியுது. அவன்கிட்டயே 'இதுக்கு விலை போட முடியுமா'ன்னு கேட்கிறான். அவனோ, இது ராணிக்கு மட்டும்தான் பொருந்தும், ராஜாகிட்ட சொல்லிட்டு வர்றேன், அதுவரைக்கும் என் குடிசைப் பக்கத்துல இருன்னு சொல்லிட்டுப் போறான். கோவலனும் உட்கார்றான். ராணியின் சிலம்பைத் திருடினவனே அந்தக் கொல்லன்தான். திருடனைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு ராஜாகிட்ட போய்ச் சொல்றான். ராஜா விசாரிக்கலை. அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்னுட்டுச் சிலம்பைக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டார். சிலம்பு கையில்தான் இருந்துச்சு. கதை முடிஞ்சது.

இதில் தப்புகளை எண்ணுங்க. தனியாப் போனான். முதல்ல கண்ட ஆளோட பேச்சை நிறுத்திக்கிட்டான், ரெண்டாவது இடத்தில் விசாரிக்கவே இல்லை. வாங்குறவன் சொன்ன இடத்தில், வாங்குறவன் கிளம்பிப் போன பிறகும் காத்திருந்தான். எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு என்ன தெரியுமா? சிலம்பு தன்னுடையதுதான்னு நிரூபிக்க அவனிடம் அத்தாட்சி இருந்தது. ஜோடிச் சிலம்பு கண்ணகிகிட்ட இருந்தது. உள்ளே இருக்கிற பரல் மாணிக்கம்னு அவளுக்குத் தெரியும். ராணியோடதில் இருந்தது முத்து. அந்த அத்தாட்சி அரண்மனைக்குப் போனப்போ கோவலன் உயிரோட இல்லை.

பில்லை வீட்ல வச்சுட்டு வாட்ச்சை மட்டும் எடுத்துட்டுப் போறவங்க எல்லாரும் இதைத்தான் செய்றாங்க.

(ஒரு விஷயம். இந்தக் கதையைச் சொல்லி ஒரு தொழிலையே திட்டுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. ஒருத்தன் செஞ்சதுக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்ததா அந்த நூலின் உரைபெறு கட்டுரையே சொல்லுது. அந்த அநியாயத்தை நாம தொடர வேண்டாம். தெற்காவணி மூல வீதியில் தலைமுறை தலைமுறையா நேர்மையா கடை நடத்துறவங்க நிறையப் பேர்.)

சட்டத்தில் வாட்ச்சுக்குத் தனி இடம்

'அது ராஜா காலம், இப்ப சட்டம் இருக்கு'ம்பீங்க. சரி, சட்டத்துக்கே வருவோம்.

1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தில் 123-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சாதாரணமா ஒருத்தனைக் குற்றவாளின்னு சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். இந்தப் பிரிவு அதைத் தலைகீழாக்குது. கடத்தல் பொருள்னு நம்பத் தகுந்த காரணத்தோட சுங்க அதிகாரி ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால், அது கடத்தல் பொருள் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது வச்சிருந்தவன். எல்லாப் பொருளுக்கும் இது கிடையாது. சட்டத்திலேயே பேர் சொல்லி எழுதியிருக்கிறது ரெண்டு. தங்கமும் தங்கத்தில் செய்ததும் ஒண்ணு. இன்னொண்ணு கைக்கடிகாரம். மத்ததெல்லாம் அரசு தனியா அறிவிச்சால்தான்.

ஏன் வாட்ச்? அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோட கூட்டு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை ஆரம்பிச்சது 1961-ல்தான். டாடாவும் நம்ம தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சது 1984-ல். இடைப்பட்ட காலம் பூராவும் சுவிஸ் வாட்ச், ஜப்பான் வாட்ச் எல்லாம் கப்பலில் ஒளிஞ்சு வந்த சரக்குதான். அந்தக் காலத்துப் படத்தில் கடத்தல்காரன் பெட்டியைத் திறந்தால் தங்க பிஸ்கட்டோட வாட்ச்சும் இருக்கும். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துருச்சு. அந்தப் பிரிவு மட்டும் இன்னும் அப்படியே நிக்குது.

இன்னொரு பக்கம், 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்தை வியாபாரி விற்கும்போது 1 சதவீதம் வரியை வாங்குறவரிடம் முன்கூட்டியே வசூலிக்கணும்னு 2025 ஏப்ரல் 22 முதல் விதி வந்தது. ஆக அரசாங்கத்தின் கண்ணில் விலை கூடின வாட்ச் நேரம் பார்க்கிற சாமான் கிடையாது. யார்கிட்ட எவ்வளவு இருக்குன்னு காட்டிக்கொடுக்கிற சாமான்.

பெரிய ஆளுக்கே பில் கேட்டாங்க

2022 டிசம்பர் ஞாபகம் இருக்கா? அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த ரஃபேல் வாட்ச். பெல் அண்ட் ராஸ் கம்பெனி மொத்தமே 500தான் செஞ்சது. அப்போது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி 'பில் எங்கே'ன்னு கேட்டார். தமிழ்நாடே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. 2023 ஏப்ரல் 14-ம் தேதி அண்ணாமலை விவரம் வெளியிட்டார். கோவைக்கார நண்பர் ஒருத்தர் கடையில் நாலரை லட்சத்துக்கு வாங்கினது, அவரிடமிருந்து 2021-ல் 3 லட்சத்துக்குத் தான் வாங்கினேன்னு சொன்னார்.

அரசியலில் நீங்க எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, அந்த விளக்கத்தை ஏற்கிறதும் ஏற்காததும் உங்க இஷ்டம். நான் பார்க்கிறது வேற. ரெண்டு தனி மனுஷங்களுக்கு நடுவில், நண்பர்களுக்குள்ள நடந்த வாட்ச் வியாபாரம் அது. அதாவது, எல்லாரும் சொல்ற அதே 'தெரிஞ்ச ஆளு' முறை. வாங்கினவர் ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்தவர், ஒரு கட்சியின் மாநிலத் தலைவர். அவர்கிட்டயே பில் கேட்டாங்க. விவரம் முழுசா வெளிவர நாலு மாசம் ஆச்சு. அவருக்கு நாலு மாசம் டைம் கிடைச்சது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வச்ச பையனுக்கு நாலு மணி நேரம் கிடைக்குமா?

'தெரிஞ்ச ஆளு' என்ன செய்வான்?

என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன். மேலூர்ப் பக்கம். அவன் மாமா சிங்கப்பூரில் பல வருஷம் உழைச்சு வாங்கின ஒமேகா வாட்ச்சை அவன் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். அக்கா பிரசவச் செலவும் செமஸ்டர் ஃபீஸும் ஒண்ணா வந்தப்போ அதை விற்க முடிவு பண்ணினாங்க. முதல்ல இவன் ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனான். கடைக்காரர் வாட்ச்சை ஒரு தடவை பார்த்தார், இவனை மேலேயும் கீழேயும் ரெண்டு தடவை பார்த்தார். "எங்கிருந்து எடுத்த?"ன்னு கேட்டார். 'எங்கே வாங்கின'ன்னு கேட்கலை. இவன் வாட்ச்சைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு வந்துட்டான்.

அப்புறம் எல்லாரும் சொன்னபடி ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்தாங்க. பாதிப் பணம் அப்பவே, மீதி 'ஆவணிக்குள்ள'. எந்த ஆவணின்னு சொல்லலை :-) ரசீது எழுதலாமான்னு இவன் கேட்டதுக்கு அவன் அப்பாவே திட்டினாராம், "மாமன் மச்சானுக்குள்ள என்னடா பேப்பர்?"னு. இன்னிக்கு வரைக்கும் மீதி வரலை. ஊர்ல விசேஷம்னா அந்தச் சொந்தக்காரர் அதே வாட்ச்சைக் கட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்றார். இவங்க பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துட்டு வர்றாங்க.

இதுதான் என் வாதத்தின் மையம். தெரியாத ஆள்கிட்ட ரசீது கேட்கலாம், அடையாள அட்டை கேட்கலாம், பணம் வந்தாத்தான் பொருள்னு சொல்லலாம். தெரிஞ்ச ஆள்கிட்ட இதில் ஒண்ணைக்கூடக் கேட்க முடியாது. கேட்டால் 'என்மேல நம்பிக்கை இல்லையா'ன்னு வரும். பாதுகாப்புக்கு உள்ள எல்லா வழியையும் நீங்களே அடைச்சுட்டு, அதுக்குப் பாதுகாப்புன்னு பேர் வைக்கிறீங்க. நம்பிக்கை இருக்கிற இடத்தில் பேப்பர் எழுதுறதுதான் ஈஸியா இருக்கணும். கைமாத்து வாங்கும்போது கையெழுத்துப் போட மறுக்கிறவன் மேல எனக்கென்னவோ சந்தேகம்தான் வரும்.

அப்போ எப்படித்தான் விற்கிறது?

என் வரிசை இது.

முதல் வழி, பழைய சொகுசு வாட்ச்களை முறையாக வாங்கி விற்கிற நிறுவனம். உலக அளவில் இது இப்போ பெரிய தொழில். ரோலக்ஸே 2022 டிசம்பரில் சான்றளித்த பழைய வாட்ச் விற்பனையைத் தொடங்கிருச்சு. நம்ம நாட்டில் ஈத்தாஸ் நிறுவனத்துக்கு 'செகண்ட் மூவ்மெண்ட்'னு தனிப்பிரிவு இருக்கு. இந்த மாதிரி இடத்தில் உங்க பேரில் பேப்பர் வரும், பணம் பேங்க்கில் வரும். 'கடைக்காரன் விலையைக் குறைப்பானே'ன்னு கேட்பீங்க. குறைப்பான். அவன் சோதிக்கணும், சர்வீஸ் பண்ணணும், விற்கிற வரைக்கும் முதலைப் போட்டு வைக்கணும், போலின்னு தெரிஞ்சால் அவன்தான் பதில் சொல்லணும். அந்தத் தலைவலியோட விலைதான் அந்த வித்தியாசம். அதைக் கொடுக்க மனசில்லைன்னா அந்தத் தலைவலியை நீங்க சுமக்கத் தயாரா இருக்கணும்.

ரெண்டாவது வழி, முன்பின் தெரியாத ஆள், ஆனா முறையோட. கீழே சொல்றேன்.

கடைசி வழிதான் சொந்தக்காரர், நண்பர். அவங்களுக்கும் இதே முறைதான், ஒரு படிகூடக் குறையாது. ஒத்துக்கலைன்னா வியாபாரம் வேண்டாம், உறவாவது மிஞ்சும்.

இனி முறை:

1. முதல்ல பேப்பர். பில், வாரண்டி கார்டு, டப்பா, வெளிநாட்டில் வாங்கினதுன்னா சுங்கவரி கட்டின ரசீது. எதுவும் இல்லையா? கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விற்கிறதுக்கு முன்னாடியே கொடுத்து சர்வீஸ் பண்ணுங்க. அந்த ரசீதில் உங்க பேரும் வாட்ச்சின் சீரியல் நம்பரும் ஒண்ணா வரும். கூடவே அப்பா அந்த வாட்ச்சைக் கட்டியிருக்கிற பழைய கல்யாண போட்டோ, கொடுத்த மாமாகிட்டயிருந்து கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். சுங்க ரசீதுக்கு இதெல்லாம் ஈடாகாது, ஆனா 'எங்கிருந்து எடுத்த'ன்னு கேட்கிறவனுக்குப் பதில் ஆகும்.

2. சீரியல் நம்பரை ஊருக்குக் காட்டாதீங்க. விளம்பரப் படத்தில் அது தெரியவே கூடாது. அதை வச்சுப் போலிக்குப் பேப்பர் தயார் பண்ணலாம், வாட்ச் என்னுதுன்னு சொந்தம் கொண்டாடலாம். உங்களுக்கு மட்டும் தெளிவா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வாங்க வந்தவர் கையில் வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பித் தரும்போது நம்பரைச் சரிபாருங்க. அசலை வாங்கிப் போலியைத் திருப்பித் தர்ற கைவேலை எல்லா ஊர்லயும் உண்டு.

3. இடம் உங்க பேங்க் கிளை. பெரியார் பஸ் ஸ்டாண்டு வேண்டாம், மாட்டுத்தாவணி வேண்டாம், லாட்ஜ் ரூம் வேண்டவே வேண்டாம், உங்க வீடும் வேண்டாம். கேமரா, வாட்ச்மேன், கணக்கைப் பார்க்கிற ஆள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற இடம் பேங்க்தான். பகல் நேரம், கூட ஒருத்தர். பேங்க்குக்கு வரத் தயங்குற ஆள் வாங்க வேண்டாம்.

4. ரொக்கம் வேண்டாம். ஒரே வியாபாரத்தில் 2 லட்சமோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு 2017 ஏப்ரல் 1 முதல் வருமானவரிச் சட்டத்தில் இருக்கு. அபராதம் வாங்கின தொகை அளவுக்கே வரலாம். யாருக்கு அபராதம்? பணம் கொடுத்தவனுக்கு இல்லை, வாங்கினவனுக்கு. அதாவது வாட்ச்சை விற்ற உங்களுக்கு.

5. பணம் வந்துச்சான்னு உங்க கணக்கில் பாருங்க. எஸ்.எம்.எஸ்., ஸ்கிரீன் ஷாட் எல்லாம் ஒரு நிமிஷத்தில் போலியா பண்ணலாம். 2 லட்சமும் அதுக்கு மேலும்னா ஆர்.டி.ஜி.எஸ்., 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுது. கியூஆர் கோடு அனுப்பி 'ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வரும்'னு சொன்னால் போனை வச்சுருங்க. பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. ராணுவத்தில் இருக்கேன், நேரில் வர முடியாது, கூரியர் ஆளை அனுப்புறேன்னு சொன்னாலும் அதேதான்.

6. யார் கணக்கிலிருந்து வருதுன்னு பாருங்க. இது இந்தப் பதிவிலேயே முக்கியமான வரி. வாங்க வந்தவர் பேர் ஒண்ணு, பணம் வர்ற கணக்கின் பேர் வேறன்னா வியாபாரத்தை நிறுத்துங்க. ஆன்லைனில் யாரையோ ஏமாத்தின பணத்தை உங்க கணக்குக்கு அனுப்பிட்டு வாட்ச்சை வாங்கிட்டுப் போயிருவான். ஏமாந்தவர் 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தால், பணம் போன தடத்தைப் பிடிச்சு உங்க கணக்கையும் முடக்குவாங்க. வாட்ச்சும் போய், பணமும் முடங்கி, சந்தேக நபரும் நீங்களே. கோவலன் கேஸ் மறுபடியும்.

7. ரசீது. ரெண்டு காப்பி, ரெண்டு பேர் கையெழுத்து, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் (5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினதுக்கான ரசீதுக்கு அது வேணும்). அடையாளத்துக்கு ஆதார் காப்பி வாங்கினால் கடைசி நாலு எண் மட்டும் தெரியுற காப்பி போதும். நீங்களும் அதையே கொடுங்க.

வரியைப் பத்திக் கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த சாமானை விற்றால் பொதுவா மூலதன ஆதாய வரி கிடையாது, நகை மாதிரி சில பொருளுக்கு விதிவிலக்கு உண்டு. தங்க வாட்ச், வைரக்கல் பதிச்ச வாட்ச்னா நகைக் கணக்கில் வரலாம், ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.

'இவ்வளவு கேட்டால் வாங்க வர்றவன் ஓடிருவானே?'

ஓடட்டும். நேர்மையா வாங்குறவனுக்கும் இந்தப் பேப்பர் தேவை. திருட்டுப் பொருளை விற்றவனுக்கு உரிமை இல்லைன்னா பொதுவா வாங்கினவனுக்கும் உரிமை வராது, 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் ஜெயிலே உண்டு. அதனால் பேப்பர் கேட்கிறவனைப் பார்த்து ஓடுறவன் எதுக்கு ஓடுறான்னு யோசிங்க.

'ஏழைப்பட்டவன் இவ்வளவும் செய்ய முடியுமா'ன்னு இன்னொரு கேள்வி வரும். நான் திரும்பக் கேட்கிறேன், செய்யாமல் இருக்க அவனால் முடியுமா? பணக்காரன் பேப்பர் இல்லாமல் விற்கலாம், அவன் கட்டியிருக்கிற சட்டையும் ஏறி வந்த காரும் அவனுக்குச் சாட்சி சொல்லும். நம்மகிட்ட அது கிடையாது. நமக்குச் சாட்சி சொல்ல அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டின காகிதம்தான் இருக்கு. அதை எழுதக் கூச்சப்படாதீங்க, எழுதச் சொல்றவங்களைத் திட்டாதீங்க. முக்கியமா அப்பாமார்களே!

ரசீது மாதிரி கீழே. அப்படியே எழுதிக்கோங்க:

"……. கம்பெனி, ……. மாடல், சீரியல் எண் ……. உள்ள கைக்கடிகாரம் எனக்குச் சொந்தமானது. இதன் மீது அடமானமோ வேறு யாருக்கும் உரிமையோ இல்லை. இதை இன்று, ……. தேதி, ……. மணிக்கு, ……. என்பவருக்கு ரூ. …….க்கு விற்றேன். அந்தத் தொகை அவருடைய ……. வங்கிக் கணக்கிலிருந்து என்னுடைய ……. வங்கிக் கணக்கில், பரிமாற்ற எண் ……. மூலம், முழுவதும் வரவாகிவிட்டது. கடிகாரத்தையும் அதனுடன் உள்ள பில், கார்டு, டப்பா ஆகியவற்றையும் சோதித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டேன் என வாங்குபவர் ஒப்புக்கொள்கிறார்."

கையெழுத்து ரெண்டு பேரும். சாட்சி ஒருத்தர். அப்புறம் வாட்ச்சைக் கழட்டிக் கொடுங்க.